மரநிழலில் இளைப்பாறும் பெண்: மோனே பாணியில் வரைந்தால் நிழல் ஏன் சேறாகிறது?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனேவின் ‘வசந்தகாலம்’ ஓவியத்தைப் பார்த்து, மரநிழலில் புல்மேல் உட்கார்ந்து படிக்கும் பெண்ணை ஆயில் கலரில் வரைந்தேன். நிழல் பகுதி முழுக்கச் சேற்று நிறமாகிவிட்டது. இலை இடுக்கில் விழும் வெயில், உடையில் பெயின்ட் சிந்தியதுபோல் இருக்கிறது. பெண்ணோ புல்லில் உட்காரவே இல்லை, வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறாள். எங்கே தவறு? எப்படிச் சரிசெய்வது?

பதில்:

மூன்று சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். புல்லைத் தனியாக முடித்து, பெண்ணைத் தனியாக முடித்து, அதன்மேல் நிழலைப் பூசி, நிழல்மேல் வெயிலைத் தெளித்திருப்பீர்கள். பெரும்பாலானோர் இப்படித்தான் செய்கிறார்கள். மோனேவின் படத்தை உற்றுப் பார்த்தால் வேறு கணக்கு தெரியும். புல், பாவாடை, முகம், இலை எல்லாம் ஒரே நிழலுக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. வெயில் அதன்மேல் பிறகு வருகிறது, பெண்ணென்றும் புல்லென்றும் பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி விழுகிறது. இந்த வரிசை பிசகினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயின்டாலும் பயனில்லை.

முதலில் படத்தைப் பற்றிக் கொஞ்சம். 1872இல் வரையப்பட்டது. பாரிஸுக்கு வடமேற்கே சேன் நதிக்கரையில் உள்ள அர்ஜான்தோய் என்ற ஊரில் 1871 கடைசியில் மோனே குடியேறினார். அங்கே வீட்டுத் தோட்டத்தில், லைலாக் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் அவர் மனைவி கமீல். 1876இல் பாரிஸில் மோனேவும் அவர் கூட்டாளி ஓவியர்களும் நடத்திய இரண்டாவது இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் அவர் வைத்த 18 படங்களில் இதுவும் ஒன்று. அப்போது இதன் பெயர் வெறும் ‘படிக்கும் பெண்’. இப்போது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் தளத்தில் பெரிய அளவுப் படம் இலவசமாகவே கிடைக்கும். அதை இறக்கிக்கொண்டு பாருங்கள். காலண்டரிலும் போஸ்டரிலும் அச்சானவற்றை நம்பி நிறம் கலக்காதீர்கள். அவற்றில் ஊதா எல்லாம் சாம்பலாகிவிடும்.

பெரிதாக்கிப் பார்க்கும்போது முகத்தை விடுங்கள், பாவாடையைப் பாருங்கள். அகலமாக விரிந்து கிடக்கும் வெளிர் ரோஸ் மஸ்லின். நிழலில் இருக்கும் பகுதி ரோஸும் இளம் ஊதாவும் நீலச்சாம்பலும் கலந்தது. கறுப்போ பழுப்போ சேர்த்து இருட்டாக்கிய இடம் அதில் இல்லை. வெயில் விழுந்த இடங்கள் தடித்த, சற்றே வெதுவெதுப்பான வெள்ளை. தொட்டு எடுத்த தீற்றல்கள் அவை, தேய்த்துக் குழைத்தவை அல்ல. அடையாளம் சொல்லும் அளவுக்கு முகத்தில் விவரம் இல்லை. மோனேவுக்கு அங்கே கமீலின் முகச்சாயல் முக்கியமில்லை. இலை வழியாக வரும் வெயில்தான் முக்கியம். உங்கள் படத்தில் கண்ணிமை வரை வரைந்திருந்தால், ஒட்டியதுபோல் தெரிவதற்கு அதுவே பாதிக் காரணம்.

அளவு 50 × 65.5 செ.மீ. பிரான்சில் கடைகளில் தயாராகக் கிடைத்த 15ஆம் எண் கேன்வாஸின் அளவு அது. கையில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போகலாம், வெளிச்சம் மாறுவதற்குள் முழுப்பரப்பையும் ஒரு சுற்று மூடிவிடலாம். அளவின் பாடத்தை மோனே சிரமப்பட்டே கற்றார். 1866இல் தொடங்கிய ‘தோட்டத்தில் பெண்கள்’ இரண்டரை மீட்டர் உயரம். அதன் மேல்பகுதியை எட்டுவதற்காகத் தரையில் பள்ளம் வெட்டி, கேன்வாஸை அதற்குள் இறக்கி வேலை செய்தார். கடைசியில் ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோய்த்தான் முடித்தார். பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் 1867இல் அதை நிராகரித்தது. பழகுகிறவர்களுக்கு 30 × 39 செ.மீ. போதும், விகிதம் ஏறக்குறைய அதேதான்.

இனி டோன், அதாவது ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்ற அளவு. 0 கறுப்பு, 10 வெள்ளை என்று மனதில் ஓர் ஏணி வைத்துக்கொள்ளுங்கள். ட்யூப் வெள்ளை தன்மேல் விழும் ஒளியில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பியனுப்பும், கறுப்பு 3 அல்லது 4 சதவீதம். ஆனால் நிஜத்தில் வெயில்பட்ட வெள்ளைத் துணிக்கும் புதரின் உட்பொந்துக்கும் உள்ள வித்தியாசம் நூறு மடங்குக்கும் மேலே போகும். பெயின்டுக்கு அந்த வீச்சு கிடையாது. அதனால் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். இம்ப்ரெஷனிஸ்டுகள் இருட்டை விட்டுக்கொடுத்தார்கள். நிழலைத் தூக்கி நடு டோனில் வைத்துவிட்டு, வெயிலையும் நிழலையும் நிறத்தின் சூடு, குளிர்ச்சியால் பிரித்தார்கள்.

எண்ணில் சொன்னால் இப்படி வையுங்கள்: வெயில்பட்ட உடை 9 முதல் 9.5, நிழலில் உடை 6.5 முதல் 7, வெயில் புல் 7, நிழல் புல் 4.5, தலைமுடியும் புதரின் ஆழமும் 2.5 முதல் 3. இதில் கவனிக்க வேண்டியது நடு எண்கள். நிழலில் இருக்கும் வெளிர் உடையும் வெயிலில் இருக்கும் புல்லும் ஏறக்குறைய ஒரே டோன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட வேண்டும். பிரிப்பது நிறம் மட்டுமே, ஒன்று ஊதா கலந்த ரோஸ், மற்றது மஞ்சள் பச்சை. படத்தைச் செல்போனில் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். பாவாடையின் ஓரம் முழுவதும் புல்லிலிருந்து தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் டோன் தவறு. சில இடத்தில் தெரிந்து, சில இடத்தில் காணாமல் போனால் சரி.

நிழலின் நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மரநிழலில் இருக்கும் பெண்மேல் மூன்று வெளிச்சம் விழுகிறது. திறந்த வானத்திலிருந்து நீலம். மேலே இலையை ஊடுருவி மஞ்சள் பச்சை. கீழே வெயில்பட்ட புல்லில் மோதித் திரும்பும் வெதுவெதுப்பான பச்சை. ஆகவே மேல்நோக்கிய தளங்கள், அதாவது தோள், தொடைமேல் விரிந்த துணி, தொப்பியின் மேற்புறம், நீலமும் ஊதாவும் பக்கம் சாயும். கீழ்நோக்கிய தளங்கள், அதாவது தாடையின் அடி, தொப்பி விளிம்பின் உட்புறம், கையின் அடிப்பாகம், பச்சையும் ஆரஞ்சும் பக்கம் சாயும். முகவாய்க்கட்டையின் கீழே மெல்லிய பச்சை போடக் கை கூசும். போடுங்கள். 1876 கண்காட்சியில் மோனேவின் நண்பரான ஓவியர் ரெனுவார் வைத்த, வெயிலில் ஒரு பெண்ணின் மேலுடம்பு ஓவியத்தில் பச்சையும் ஊதாவும் இருந்ததைப் பார்த்து ‘லு ஃபிகாரோ’ விமர்சகர் ஆல்பெர் வோல்ஃப் அழுகும் சதை என்று ஏளனம் செய்தார். இன்று அந்தப் படம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெயின்ட் எத்தனை வேண்டும்? மோனே 1905இல் தன் வியாபாரி துராண்-ருயெலுக்குச் சொன்ன பட்டியல் சின்னது: ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், விரிடியன் பச்சை. அவ்வளவுதான். 1872இல் அவர் பயன்படுத்திய நிறங்களும் இவையேதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் கறுப்பும் பழுப்பும் இல்லாமல் ஒரு தோட்டத்தை வரைய முடியும் என்பதற்கு இது போதும். உங்களுக்கு டைட்டானியம் வெள்ளை, காட்மியம் மஞ்சள் லைட், காட்மியம் சிவப்பு லைட், அலிசரின் கிரிம்சன், கோபால்ட் நீலம், அல்ட்ராமரைன், விரிடியன், மங்கலாக்கக் கொஞ்சம் எல்லோ ஓக்கர். எட்டு ட்யூப்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. மாணவர் தரத்தில் ‘விரிடியன் ஹ்யூ’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தாலோ பச்சை, அதாவது பிஜி 7 என்ற நிறமி. உண்மையான விரிடியன் பிஜி 18. தாலோவின் சாயம் பல மடங்கு வலுவானது. கீழே சொல்லும் பங்குகளில் விரிடியன் வரும் இடத்தில் தாலோவைக் கால்பங்கிலிருந்து தொடங்குங்கள், இல்லாவிட்டால் எல்லாப் புல்லும் பிளாஸ்டிக் பச்சையாகிவிடும். ‘கோபால்ட் ஹ்யூ’வும் அப்படித்தான், பல கம்பெனிகளில் அது அல்ட்ராமரைனும் வெள்ளையும் சேர்ந்த கலவை. ஏற்கெனவே வெள்ளை கலந்த பெயின்டோடு நீங்கள் மேலும் வெள்ளை சேர்த்தால் நிழல் சுண்ணாம்படித்ததுபோல் ஆகும். ட்யூபின் பின்புறத்தில் நிறமி எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

டைட்டானியம் வெள்ளையும் மோனே பயன்படுத்திய ஈய வெள்ளையும் ஒன்றல்ல. ஈய வெள்ளைக்குச் சாயத்தை அடக்கும் வலு குறைவு, இழுத்தால் தடிப்பாக நிற்கும். டைட்டானியம் கொஞ்சம் விழுந்தாலே எல்லா நிறத்தையும் வெளுத்துக் குளிர்ச்சியாக்கும். அதனால் வெயிலுக்கு வெறும் டைட்டானியத்தை வைக்கவே கூடாது. நிறம் கலக்கும் பலகையான பேலட்டில் வெள்ளையை இரண்டு குவியலாக வைத்து, ஒன்றில் கடுகளவு காட்மியம் மஞ்சளும் அதில் பாதி காட்மியம் சிவப்பும் கலந்து ‘வெயில் வெள்ளை’ ஆக்கிக்கொள்ளுங்கள். வெயில் கலவைகள் எல்லாம் அதிலிருந்தே வரட்டும்.

நிழல் உடைக்கு வெள்ளை 8 பங்கு, கோபால்ட் 1, அலிசரின் அரைப்பங்குக்குள், நுனியளவு ஓக்கர். வெயில் புல்லுக்குக் காட்மியம் மஞ்சள் 4, வெயில் வெள்ளை 3, விரிடியன் 1. நிழல் புல்லுக்கு விரிடியன் 2, கோபால்ட் 1, அலிசரின் 1, டோன் 4.5 வரும்வரை வெள்ளை. ஆழமான இருட்டுக்கு விரிடியனும் அலிசரினும் 2க்கு 1 கலந்து அல்ட்ராமரைன் சேர்த்தால் கறுப்பை விட உயிருள்ள கருமை கிடைக்கும். வெயிலுக்கு எதிரே, பின்னாலிருந்து ஒளி ஊடுருவும் இலைகள் மட்டும் விதிவிலக்கு. அவை படத்திலேயே சுத்தமான பச்சை, வெள்ளையே சேர்க்காமல் காட்மியம் மஞ்சளில் விரிடியனைத் தொட்டு வையுங்கள். வெள்ளை பட்டால் ஊடுருவும் ஒளி செத்துவிடும். பங்குகள் எல்லாம் தொடக்கப் புள்ளிதான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

கேன்வாஸை வெள்ளையாக விட வேண்டாம். கேன்வாஸுக்கு அடித்தளமான அக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு பூச்சு கொடுத்து, கடைசிப் பூச்சில் ஓக்கரும் துளி அம்பர் பழுப்பும் கலந்து வெதுவெதுப்பான வெளிர் சாம்பலாக்குங்கள், டோன் 7 முதல் 8. பளீர் வெள்ளையின் மேல் எந்த நிறத்தை வைத்தாலும் இருட்டாகத் தோன்றும், பயந்துபோய் மேலும் மேலும் வெள்ளை சேர்ப்பீர்கள். வெளிர் சாம்பல்மேல் தீற்றல்களுக்கு இடையே அடிநிறம் எட்டிப்பார்த்தாலும் அழகாகவே இருக்கும். ஜெஸ்ஸோ நன்றாகத் தேய்க்கப்படாமல் சொரசொரவென்று இருந்தால் எண்ணெயை உறிஞ்சி, நிழல் பகுதி திட்டுத்திட்டாக மங்கிவிடும். சேறு என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பகுதி இந்த மங்கலாகவும் இருக்கலாம். காய்ந்தபின் அந்த இடத்தில் ஆளிவிதை எண்ணெயை விரலால் மெல்லத் தேய்த்து அதிகத்தைத் துடைத்துப் பாருங்கள். நிறம் மீண்டால் கலவையில் குற்றமில்லை.

வேலை வரிசைக்கு வருவோம். உள்ளங்கை அளவில் பென்சிலால் மூன்றே டோனில் ஒரு குறிப்பு. பிறகு டர்பன்டைனில் நீர்த்த கோபால்டால் கேன்வாஸில் பெரிய வடிவங்கள்: பாவாடையின் முக்கோணம், மேலுடம்பு, தொப்பி, நிழலின் எல்லை. தரையில் உட்கார்ந்த உடல் தலையின் உயரத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்குதான். ஐந்து வைத்தால் பெண் ஸ்டூலில் உட்கார்ந்ததுபோல் நிமிர்ந்துவிடுவாள். மோனே அளவுக் கேன்வாஸில் உருவம் 28 செ.மீ. என்றால் தலை 7 செ.மீ., சிறிய கேன்வாஸில் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். விரித்த பாவாடை ஐந்து, ஆறு தலை அகலம் போகட்டும்.

அடுத்து நிழல் முழுவதும். புல்லின் நிழல், இலைத்தொகுதி, உடையின் நிழல், முகத்தின் நிழல், புத்தகத்தின் பக்கம், எல்லாவற்றையும் மெல்லிய பெயின்டில், 8, 10ஆம் எண் தட்டை பிரஷ்களால், ஒரே அமர்வில் மூடுங்கள். இந்தக் கட்டத்தில் வெயிலே இல்லை, மேகம் மறைத்த நாள்போல் படம் முழுமையாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மேலே போகாதீர்கள். மேகம் மூடிய நேரமும் வெயில் நேரமும் என்ன வித்தியாசம் என்பதை மோனேவே இரட்டைப் படமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதே தோட்டத்து லைலாக் மரத்தடியை மந்தாரத்தில் ஒன்று, வெயிலில் ஒன்று வரைந்தார். முதலாவது ஓர்சேயில், இரண்டாவது மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில். மந்தாரத்தில் உருவங்கள் தெளிவாக நிற்கின்றன, வெயிலில் திட்டுகளுக்குள் கரைகின்றன. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நூறு விளக்கத்துக்குச் சமம்.

இனி வெயில் திட்டுகள். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது, ஆகவே விரிவாகவே சொல்கிறேன். இலைகளுக்கு நடுவே உள்ள சிறு துளை எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுவது சூரியனின் உருவம், வட்டம். அதன் விட்டம் துளைக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் சுமார் 108இல் ஒரு பங்கு. 3 மீட்டர் உயரக் கிளையிலிருந்து வரும் திட்டு ஏறக்குறைய 2.8 செ.மீ., 5 மீட்டரிலிருந்து 4.6 செ.மீ. அதைவிடச் சிறிய பொட்டுகள் அந்த மரத்தடியில் இருக்கவே முடியாது. நீங்கள் பிரஷ் நுனியால் வைத்த மிளகளவுப் புள்ளிகள் சிந்தியதுபோல் தெரிவதற்கு இதுதான் காரணம். பெரிய துளைகளிலிருந்து பெரிய, ஒழுங்கற்ற திட்டுகள் வரும், ஆனால் அவற்றின் ஓரமும் அதே 2.8 செ.மீ. அகலத்துக்கு மங்கும். கத்தியால் வெட்டிய ஓரம் எங்கும் இல்லை.

படத்தில் இதை எப்படி வைப்பது? தலை 22 செ.மீ. என்றால் சின்னத் திட்டு தலையின் எட்டில் ஒரு பங்கு. படத்தில் தலை 7 செ.மீ. என்றால் சின்னத் திட்டு சுமார் 9 மி.மீ. 6ஆம் எண் தட்டை பிரஷின் ஒரு தொடுகை. புல்தரையில் அது வட்டமாக இருக்காது, படுத்த நீள்வட்டம், தூரம் போகப்போக இன்னும் தட்டை. நிமிர்ந்த மேலுடம்பில் வட்டத்துக்கு நெருக்கம். மடிப்பின்மேல் விழும்போது உடைந்து, மடிப்பின் வளைவோடு வளையும். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி என்றால் சேலை பார்டர் ஆகிவிடும். மூன்று நான்கு ஒன்றாகச் சேர்ந்து பெரிதாக, பிறகு வெறும் நிழல், பிறகு ஒற்றை. மொத்தத்தில் நிழல் பரப்பில் கால்பங்குக்கு மேல் வெயில் வேண்டாம்.

ஒவ்வொரு திட்டுக்கும் இரண்டு டோன் போதும். முதலில் நிழலுக்கும் வெயிலுக்கும் நடுவான டோனில், சற்றே ஆரஞ்சு சாய்ந்த ரோஸில், முழு வடிவம். அதன் நடுவில் தடித்த வெயில் வெள்ளை, வடிவத்தைவிடச் சிறியதாக. புல்லிலும் இதே முறை, நடு டோன் பச்சை, மேலே வெயில் பச்சை. பல பேர் புல்லின்மேல் விழும் திட்டையும் வெள்ளையாக வைப்பார்கள். வெயில் பொருளின் நிறத்தைக் கழுவிவிடாது. புல்லில் வெயில் மஞ்சள் பச்சை, தோலில் வெளிர் பீச், ரோஸ் உடையில் ரோஸ் கலந்த வெள்ளை.

ஒட்டியதுபோல் தெரியும் சிக்கலுக்கு மருந்தும் இங்கேதான். ஒரு திட்டு பாவாடையில் தொடங்கி ஓரத்தைத் தாண்டிப் புல்லில் முடியட்டும். நிறம் மாறும், வடிவம் தொடரும். இப்படி இரண்டு இடத்தில் செய்தாலே பெண்ணும் தரையும் ஒரே வெளிச்சத்துக்குள் வந்துவிடுவார்கள்.

‘சிந்தியதுபோல் இருக்கிறது’ என்ற குற்றச்சாட்டுக்கு ரெனுவாரும் தப்பவில்லை. ஓர்சேயில் உள்ள அவருடைய ‘ஊஞ்சல்’ 1877இல் கண்காட்சிக்கு வந்தபோது, உடைமேல் உள்ள வெயில் எண்ணெய்க்கறை போல் இருக்கிறது என்று ஒரு விமர்சகர் எழுதினார். அந்தப் படத்தைப் பார்த்தால் விமர்சகருக்கும் முழுக்கத் தவறில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. தரையில் உள்ள திட்டுகள் அருமை, உடையில் சில இடங்களில் மடிப்பைப் பின்பற்றாமல் மேலே மிதக்கின்றன. மோனேவின் பாவாடை இந்த விஷயத்தில் கறாரானது.

நேரில் ஆளை உட்காரவைத்து வரைவதானால் திட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. உச்சிக்கு அருகில் இருக்கும்போது 3 மீட்டர் உயரக் கிளையின் திட்டு பத்து நிமிடத்தில் சுமார் 13 செ.மீ. தள்ளிப்போகும். துரத்தாதீர்கள். நல்ல அமைப்பு வரும் ஒரு கணத்தில் திட்டுகளின் எல்லையை மட்டும் வரைந்து பூட்டிவிடுங்கள், நிறத்தைப் பிறகு வரும் திட்டுகளைப் பார்த்தே எடுக்கலாம். இன்னொன்று, அர்ஜான்தோய் 49 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே மே மாதம் நண்பகலிலும் சூரியன் 60 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், வெயில் சாய்வாக வந்து மார்பிலும் முழங்காலிலும் விழும். தமிழ்நாட்டில் அதே மாதம் பகல் 12 மணிக்கு வெயில் ஏறக்குறைய செங்குத்து, தொப்பியிலும் தோளிலும் மட்டும் விழுந்து முகம் முழு இருட்டாகிவிடும். காலை எட்டு முதல் ஒன்பதரை, இல்லையென்றால் மாலை நான்குக்குமேல் வேலை செய்யுங்கள். உட்காருபவருக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுப்பது வழக்கம். எழுந்து உட்கார்ந்தால் பாவாடை மடிப்பு திரும்ப அப்படியே வராது, ஆகவே பாவாடையை ஒரே இருப்பில் முடித்துவிட்டு எழச் சொல்லுங்கள்.

உடல் புல்லில் அழுந்தி உட்கார வேண்டுமே. அதற்குப் பாவாடையைச் சுற்றிக் கோடு போடாதீர்கள். எடை இறங்கும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும், இடுப்பின் அடி, ஊன்றிய கை, முழங்கால் தரையைத் தொடும் இடம், ஆழ்ந்த பச்சைக் கருமையைச் சிறு தீற்றலாக வையுங்கள். மற்ற இடங்களில் புல்லின் தீற்றல் நான்கைந்து பாவாடை ஓரத்தின் மேலே ஏறி வரட்டும். துணிக்கு உள்ளே இருக்கும் முழங்காலை மடிப்புகளால் காட்டத் தேவையில்லை, அங்கே மேல்நோக்கிய ஒரு வெளிர் தளம், அதையடுத்துச் சட்டென்று இறங்கும் ஒரு நிழல், அவ்வளவு போதும். கையில் உள்ள புத்தகம் நிழலில் இருந்தால் பக்கம் வெள்ளையாக இருக்காது, இளம் ஊதா. அதில் ஒரு திட்டு விழுந்தால் அந்த ஒளி தாடையில் ஏறும், அங்கே சற்று ஆரஞ்சு. முகத்துக்கு நான்கு தளம்: தொப்பி நிழலில் நெற்றி, கன்னம், மூக்கின் பக்கம், தாடை. கண்ணுக்கு ஒரு மங்கலான தீற்றல். புல்லை வரைந்த பிரஷைவிடச் சின்ன பிரஷை முகத்துக்கு எடுத்தீர்களென்றால் ஒட்டு வேலை அங்கே தொடங்கிவிடும்.

சேறு எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஈரமான பச்சையின் மேல் ரோஸைத் தேய்த்தால் சாம்பல்தான் வரும், அவை எதிர் நிறங்கள். தேய்க்காமல் வைக்க வேண்டும்: பிரஷில் தாராளமாக எடுத்து, தட்டையாகப் படுக்கவைத்து, ஒரே தொடுகையில் வைத்து, எடுத்து, உடனே துணியில் துடைக்க வேண்டும். இரண்டாவது முறை அதே இடத்தைத் தொடும்போது அடியில் உள்ளது ஏறிவிடும். பிரஷ்களைக் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், நிழல் பச்சைக்கு ஒன்று, வெயில் பச்சைக்கு ஒன்று, உடை நிழலுக்கு ஒன்று, உடை வெயிலுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று. ஒரே பிரஷைக் கழுவிக் கழுவி வேலை செய்கிறவர்களின் படத்தில் நிழல் சுத்தமாக இருந்து பார்ப்பது அரிது, டர்பன்டைன் டப்பாவே சேறாகத்தான் இருக்கும். ஒரு கலவையில் வெள்ளையைத் தவிர மூன்று நிறமிக்குமேல் வேண்டாம். நிழலுக்குக் கறுப்போ பர்ன்ட் அம்பரோ எடுத்திருந்தால் அதை நிறுத்துங்கள்.

திட்டுகளை அன்றே வைக்கக் கை பயந்தால் அடிப்பூச்சைக் காயவிடுங்கள். ஆயில் கலர் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சு மூன்று முதல் ஏழு நாள், தடித்த வெயில் திட்டுகள் பல வாரம். கோபால்ட் சீக்கிரம் காயும், அலிசரினும் காட்மியமும் தாமதம். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக, மேல்பூச்சில் கூடுதலாக இருக்க வேண்டும், தலைகீழானால் பின்னால் வெடிக்கும். வார்னிஷ் ஆறு மாதத்துக்குள் நினைக்கவே வேண்டாம். இம்ப்ரெஷனிஸ்டுகளில் பலர் வார்னிஷே இல்லாத மங்கிய பரப்பைத்தான் விரும்பினார்கள். இந்த வகைப் படத்துக்குக் கண்ணாடிப் பளபளப்பு கெடுதல், வார்னிஷ் வேண்டுமென்றால் பளபளக்காத மேட் வகை எடுங்கள்.

வெயில் திட்டுகள் இன்னும் வசப்படவில்லை என்றால் அதற்குமுன் வேறொரு படத்தைப் பிரதி செய்வது நல்லது. இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் பெர்த் மோரிஸோ 1873இல் வரைந்த ‘வாசிப்பு’. அமெரிக்காவின் க்ளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ளது, 1874இல் நடந்த முதல் இம்ப்ரெஷனிசக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அவருடைய அக்கா எத்மா புல்வெளியில் உட்கார்ந்து படிக்கிறார், பக்கத்தில் பச்சைக் குடை கிடக்கிறது. பரவலான வெளிச்சம், திட்டுகள் கிடையாது. வெளிர் உடை புல்லில் எப்படி அமர்கிறது, ஓரம் எங்கே கரைகிறது என்பதை மட்டும் தனியாகப் பழகலாம். மோனே படத்தைவிட இது எளிது என்று பல பேர் நினைக்கிறார்கள். பழகுவதற்கு எளிது, அவ்வளவுதான். வெள்ளைக்குள் இத்தனை சாம்பலைப் பிரிப்பது மோரிஸோவுக்கே கைவந்த வேலை.

இப்போது உங்கள் கையிலுள்ள படம். பெயின்ட் இன்னும் ஈரமாக இருந்தால் நிழல் பகுதியையும் எல்லாத் திட்டுகளையும் பேலட் கத்தியால் சுரண்டி எடுத்து, பழைய துணியால் ஒற்றுங்கள். பின்னால் தங்கும் மங்கலான சாயம் நல்ல அடிப்பூச்சு, அதன்மேல் நிழல் கலவைகளைப் புதிதாக வைக்கலாம். காய்ந்துவிட்டதென்றால் தடித்த புள்ளிகளை மட்டும் ஈரமாக்கிய 400ஆம் எண் எமரி தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். உலர்ந்த பெயின்டைத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, காட்மியம் மூச்சில் போகும். துடைத்து உலர்ந்தபின் உடையின் நிழலை ஒரே ஊதா-ரோஸ் குடும்பத்தில் மூடி, முகத்தின் விவரங்களை அதே டோனில் கரைத்து, கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துச் சரிபாருங்கள். திட்டுகளை அதற்கு அடுத்த அமர்வுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலாவதைப் பாவாடை ஓரத்தைத் தாண்டும் இடத்திலிருந்தே தொடங்குங்கள்.